சென்னையிலும் தூத்துக்குடியிலும் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு: பில்லில் மெக்கானிக்குக்கு எவ்வளவு?

2025 ஏப்ரல் 26 முதல் ஜூன் 4 வரையிலான நாற்பது நாள்களுக்குள், இரண்டு ஊர்களில் இரண்டு ஃபிரிட்ஜ்களுக்காக மூன்று முறை பழுதுபார்ப்புக் கூலி கொடுத்தேன். பெரம்பூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு இரண்டு முறை, தூத்துக்குடியில் அம்மா வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஒரு முறை. சென்னையில் நான் அழைத்தது கைப்பேசிச் செயலி வழியாக ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தை. தூத்துக்குடியில் போனது பிரையண்ட் நகர்ப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய கடைக்கு. இரண்டின் பெயரையும் இங்கே எழுதவில்லை. நிறுவனத்தின் மேல் எனக்கு மனக்குறை இருக்கிறது. கடைக்காரரோ தம் பெயர் வெளியில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு சேவைகளுக்கும் மதிப்பெண் போட உட்கார்ந்தபோது, ஒரு வேலை ஏன் நன்றாக நடந்தது, இன்னொன்று ஏன் கெட்டது என்பதற்கான காரணம், வேலை செய்தவருக்கு எந்த ஊரில் எந்தக் கணக்கில் பணம் போகிறது என்பதில்தான் இருப்பதாகத் தெரிந்தது. ஆகவே பில்லின் தொகையைவிட அதன் பங்கீட்டைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் சென்னை. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஃப்ரீசரில் ஐஸ் பிடிக்காமல் போயிற்று; பால் மாலைக்குள் திரிந்தது. செயலியில் பதிவு செய்த இரண்டு மணி நேரத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் வந்தார். மரியாதையானவர், காலணியை வெளியில் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுவந்த துணியை விரித்து, அதன் மேல்தான் கருவிகளை வைத்தார். கம்ப்ரசரைத் தொட்டுப் பார்த்து, "கேஸ் போயிடுச்சு சார்" என்றார். குழாயை வெட்டி, ஃபில்டரை மாற்றி, டார்ச்சால் பற்றவைத்து, கேஸை ஏற்றி, குழாயின் மேல் லேசாகப் பனி படர்ந்ததைக் காட்டி, எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். கேஸ் நிரப்புதல் 2,700 ரூபாய், அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 486 ரூபாய், மொத்தம் 3,186. நான் வேகத்தைக் கண்டு மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். அந்த ஐந்து நட்சத்திரத்தை இப்போது திரும்பப் பெற வழியில்லை.

கேஸ் போயிற்று என்றால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கேஸ் பைக் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பது. அது எப்படிக் குறைந்தது என்று அந்த இளைஞரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடிக்குப் போய்விட்டு, ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பிக் கதவைத் திறந்தபோது, ஃபிரிட்ஜுக்குள் வெளிக்காற்றின் சூடுதான் இருந்தது. நிறுவனத்தை அழைத்தேன். உத்தரவாதம் 30 நாள், இன்றோடு 36 நாள் ஆகிவிட்டது என்றார்கள். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, 299 ரூபாய் வருகைக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் 4 அன்று வந்தவர் வேறொருவர். ஐம்பதைத் தாண்டியவர், திருநின்றவூரிலிருந்து இருசக்கர வண்டியில் வந்தார். அவருடைய பின் இருக்கையில் கட்டியிருந்த பொருள்களைப் பார்த்ததுமே வேறுபாடு தெரிந்தது: குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்கும் ஒரு வேக்கம் பம்ப், சிறிய நைட்ரஜன் சிலிண்டர், மளிகைக் கடையில் ஏலக்காய் நிறுக்க வைத்திருப்பதைப் போன்ற ஒரு மின்னணுத் தராசு. ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருந்த தாளை எனக்குக் காட்டினார். 'ஆர்600ஏ, 46 கிராம்' என்று அதில் அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆறு வருடமாக இருக்கும் பெட்டி. அந்தத் தாளை நான் படித்தது அன்றைக்குத்தான்.

ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் எரிவாயுவின் உறவுக்காரன், தீப்பற்றக்கூடியது. அதனால் அதைக் கையாளும்போது பழைய கேஸை ஜன்னல் வழியாக வெளியேற்றிய பிறகே டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும். முடிந்தால் நெருப்பே இல்லாமல், அழுத்தி இணைக்கும் லோக்ரிங் வளையங்களைப் பயன்படுத்த வேண்டும். 46 கிராம் என்பது ஒரு கைப்பிடி மிளகின் எடை. பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும் என்பதால் குழாயில் படரும் பனியைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றக் கூடாது, நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: இந்த கேஸில் ஓடும் ஃபிரிட்ஜின் குளிர்ப்பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால், ஓடும் நேரத்தில் காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். அந்த ஈரம் கேப்பிலரி எனப்படும் மிக மெல்லிய குழாயின் நுனியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வேக்கம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது உறிஞ்சியெடுக்காமல் புது கேஸை ஏற்றுவது, கழுவாத பாத்திரத்தில் பால் காய்ச்சுவதற்குச் சமம் என்றார் அவர்.

நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஃபில்டரின் மேல்முனையில், ஏப்ரலில் பற்றவைத்த அதே இடத்தில், கடுகு அளவு குமிழி ஒன்று மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி எழுந்தது. கம்ப்ரசர் பக்கத்து இணைப்பில் இன்னொரு பழைய கசிவும் இருந்தது. முதலில் கேஸ் போனதற்குக் காரணம் அதுவே. இரண்டையும் வளையம் போட்டு அடைத்து, வேக்கம் பம்ப்பை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நாங்கள் பேசினோம்.

முதல் பில் 2,700 ரூபாயில், நிறுவனம் கால் பங்கை, அதாவது 675 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. மீதி 2,025. கேஸ், ஃபில்டர், பற்றவைப்புக் கம்பி, டார்ச்சுக்கான எரிவாயு எல்லாம் வேலை செய்பவரின் கைக்காசு. அதற்கு ஏறத்தாழ 450 போனால் 1,575 ரூபாய் நிற்கும். இருபத்தைந்து நிமிட வேலைக்கு இது. ஜூன் 4 வேலைக்கு பில் 3,350 ரூபாய், ஜிஎஸ்டி 603, ஆக 3,953. நிறுவனத்தின் கால் பங்கு போக, வளையங்களும் ஃபில்டரும் கேஸும் சேர்த்து 650 ரூபாய்ப் பொருள் போக, இவருக்கு நிற்பது 1,850 ரூபாய் சொச்சம். ஆனால் நேரம் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரல் மாத வெயிலில் அந்த இளைஞருக்கு அன்று இன்னும் நான்கு அழைப்புகள் இருந்தன; மாதவரத்தில் ஒன்று, அண்ணா நகரில் இரண்டு, தியாகராய நகரில் ஒன்று. ஓட்டையைத் தேடி உட்கார்ந்திருந்தால் அவற்றில் இரண்டை இழந்திருப்பார். அழைப்பை ரத்து செய்தால் அவருடைய மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் அடுத்த வாரம் அழைப்பே குறையும். முப்பது நாளைக்குள் கெட்டுப்போனால் மட்டும்தான் இலவசமாக வந்து பார்க்க வேண்டும். முப்பத்தாறாம் நாள் கெட்டால் அது புது வருமானம். இப்படி ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டு, பையன் வேலை சரியில்லை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த இளைஞர் திருவண்ணாமலைப் பக்கத்தவர், வியாசர்பாடியில் நால்வரோடு அறை எடுத்து, தம் பங்குக்கு 4,500 ரூபாய் வாடகை கொடுக்கிறார் என்பதையும் பெரியவரே சொன்னார். மே மாதத்தில் 45,000 ரூபாய்கூடக் கையில் நிற்கும். மழைக்காலத்தில், டிசம்பரில், 12,000 வந்தால் பெரிது. வருடத்தைக் கூட்டி வகுத்தால் மாதம் 25,000 சொச்சம் என்பது அவருடைய மதிப்பீடு. கோடையில் சம்பாதித்ததைக் கார்த்திகையில் சாப்பிடும் பிழைப்பு. இவர் ஏன் ஒரு நாளைக்கு இரண்டு அழைப்புகளுக்கு மேல் எடுப்பதில்லை என்று கேட்டேன். சொந்த வீடு, மகள் வேலைக்குப் போகிறாள், கடன் இல்லை. "என்னால முடியும் சார், அதனால செய்றேன்" என்றார். அதாவது, சென்னையில் ஒழுங்கான வேலை நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் நிறுவனத்தின் பயிற்சியோ கண்காணிப்போ கிடையாது. வந்தவர் வாடகை கட்ட வேண்டியவராக இல்லை என்பதுதான். அடுத்த முறை யார் வருவார் என்பது செயலிக்கே வெளிச்சம்.

இனி தூத்துக்குடி. அம்மா வீட்டில் இருப்பது பதினொரு வருடப் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டி. ஃப்ரீசரில் சீலா மீன் பொட்டலம் ஐஸோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று, தோசைக் கரண்டியின் முனையால் நெம்பியிருக்கிறார். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்ததாம். அதை எங்களிடம் நான்கு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். ஃப்ரீசர் பெட்டியின் சுவரே அலுமினியக் குளிர்க்குழாய் என்பதும், கரண்டி பட்டால் அது ஊசி குத்திய பலூன்தான் என்பதும் நம் வீடுகளில் பலருக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ரெண்டு கரண்டி ரிப்பேர் வரும் தம்பி" என்றார்.

மே 21 அன்று குட்டியானை வண்டியில் பெட்டியைக் கடைக்கு ஏற்றிப் போனார்கள். கிழிந்த இடத்தில் எபாக்சிப் பசை வைத்து ஒட்டினால் 1,800 ரூபாயில் முடித்துவிடலாம், ஆனால் அடுத்த சித்திரை வரை தாங்காது என்று கடைக்கார அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஃப்ரீசர் பெட்டியையே மாற்ற ஒப்புக்கொண்டோம். புது ஃப்ரீசர் 1,900, கேஸும் ஃபில்டரும் 1,500, வேலைக்கூலி 700, வண்டி 300, ஆக 4,400 ரூபாய். இந்தப் பெட்டியில் இருப்பது ஆர்134ஏ, பழைய வகை கேஸ். ஆறு மாத உத்தரவாதத்தைக் கம்ப்ரசரின் பக்கவாட்டில் தேதியோடு மார்க்கர் பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பின்பக்கக் கம்பி வலையில் துருப்பிடித்திருந்த இணைப்புகளைச் சுரண்டி வார்னிஷ் பூசியிருந்தார். பில்லில் அதற்குக் காசு இல்லை. குறை என்றால், துண்டுச்சீட்டில் எழுதிய பில், ஜிஎஸ்டி எண் கிடையாது. பெட்டி திரும்பி வர மே 30 ஆயிற்று. மே மாத வெயிலில் ஒன்பது நாள் ஃபிரிட்ஜ் இல்லாமல் ஒரு மீன் சாப்பிடும் வீடு படும் பாட்டை எழுத வேண்டியதில்லை.

ஒன்பது நாளுக்கான காரணத்தைக் கேட்கப் போன இடத்தில்தான் ஊருக்கும் கூலிக்கும் உள்ள உறவு முழுதாகப் புரிந்தது. கடையின் மூத்த மெக்கானிக் அந்த நாள்களில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் இருந்தார். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் ஐஸ் விற்காது. ஐஸ் விற்காத இரண்டு மாதத்தில்தான் ஆலைக்காரர்கள் கம்ப்ரசரைப் பிரித்துப் பார்ப்பார்கள். அங்கே ஓடுவது அம்மோனியா. உப்புக்கரைசல் நிரம்பிய பெரிய தொட்டியில் தகர டப்பாக்கள் வரிசையாக மூழ்கியிருக்க, கரைசலை அம்மோனியாச் சுருள் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்விக்க, டப்பாவுக்குள் தண்ணீர் ஐஸ் பாராக உறையும். அம்மோனியாவின் கொதிநிலை மைனஸ் 33 டிகிரி. கசிந்தால் கண்ணும் மூச்சும் எரியும், அடைத்த இடத்தில் உயிருக்கே ஆபத்து. அதைத் தொடத் தெரிந்த கை ஊரில் குறைவு. வீட்டு ஃபிரிட்ஜ் பார்க்கும் கடையில் அவருக்கு மாதச் சம்பளம் 21,000 ரூபாய், வெளிவேலைக்குப் போகும் நாளில் 150 ரூபாய் பேட்டா. ஐஸ் ஃபேக்டரியில் நாளுக்கு 1,200. அந்த நாள்களுக்குக் கடைச் சம்பளம் கிடையாது. அண்ணாச்சி அதைத் தடுப்பதில்லை. தடுத்தால் ஆள் நிரந்தரமாகப் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

மாதச் சம்பளம் என்பதால் அந்த மெக்கானிக்குக்கு என் அம்மாவின் ஃபிரிட்ஜை அரை மணி நேரத்தில் முடிப்பதில் எந்த லாபமும் இல்லை. மாறாக, அது திரும்பி வந்தால் கடைக்கு வண்டிச் செலவு, அவருக்கு அண்ணாச்சியின் வசவு. வாடிக்கையாளர் அடுத்த தெருவில் இருக்கிறார். கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்கு வீடு சொந்தம், மதியச் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வீட்டுக்குப் போய் வருகிறார், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். சென்னைப் பெரியவர் சொன்ன 25,000 சொச்சத்தில் அறை வாடகையையும் பெட்ரோலையும் ஹோட்டல் சாப்பாட்டையும் கழித்துவிட்டு இந்த 21,000-த்தின் பக்கத்தில் வைத்தால், எது பெரிய சம்பளம் என்பதை யாரும் விரல் விட்டு எண்ணிவிடலாம். சென்னையில் பில் பெரிது. மிஞ்சுவது பெரிதென்று சொல்ல முடியாது.

அரசாங்கக் கணக்கு இதை வேறு விதமாகப் பார்க்கிறது. ரயில்வேயில் ஏசி, குளிர்பதன வேலைக்கு எடுக்கும் டெக்னீஷியன் கிரேடு மூன்றுக்கு ஏழாவது ஊதியக்குழுவின் இரண்டாம் நிலை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய், எந்த ஊரானாலும் இதுதான். ஊருக்கு ஊர் மாறுவது வீட்டு வாடகைப்படி. 2024 ஜனவரியிலிருந்து சென்னை போன்ற பெருநகரங்களுக்கு 30 விழுக்காடு, மதுரை, கோவை, திருச்சி போன்றவற்றுக்கு 20, தூத்துக்குடி உள்ளிட்ட மற்றவற்றுக்கு 10. ஒரே ஆள் சென்னையில் வேலை பார்த்தால் 5,970 ரூபாயும், மதுரையில் 3,980 ரூபாயும், தூத்துக்குடியில் 1,990 ரூபாயும் இந்தப் படியாகப் பெறுவார். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் உள்ள வேறுபாடு 3,980 ரூபாய். வியாசர்பாடி அறையில் அந்த இளைஞரின் பங்குக்குக்கூட அது போதாது. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியும் ஊர்களை ஏ, பி, சி என்று பிரிக்கிறது: 2024 அக்டோபர் அறிவிப்பின்படி, கட்டுமானம் உள்ளிட்ட பணிகளில் ஏ பிரிவு நகரத்தில் திறன்பெற்ற தொழிலாளிக்கு நாளுக்கு 954 ரூபாய், 26 நாளுக்கு 24,804. பி, சி ஊர்களுக்குப் படிப்படியாகக் குறையும். பெருநகரத்தில் செலவு அதிகம், ஆகவே கூலியும் அதிகம் என்ற ஒற்றை அளவுகோல் இது. அந்த ஊரில் என்ன இயந்திரம் ஓடுகிறது என்று இந்தப் பட்டியல்கள் கேட்பதில்லை.

குளிர்பதன மெக்கானிக்கின் சம்பளத்தை என் பார்வையில் அதிகம் நிர்ணயிப்பது அந்தக் கேள்விதான். தூத்துக்குடியில் ஐஸ் ஃபேக்டரி மட்டுமா இருக்கிறது? இறால் உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் இருக்கின்றன, வ.உ.சி. துறைமுகம் வழியாகப் போகும் குளிர்க் கண்டெய்னர்கள் யார்டில் நிற்கும் நேரமெல்லாம் மின்சாரத்தோடு இணைந்து, மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒன்றின் வெப்பநிலை ஏறினால், அப்போதே ஒருவர் ஏணி வைத்து ஏற வேண்டும். அண்ணாச்சியிடம் தொழில் பழகிய ஒரு பையன் அப்படி ஒரு யார்டில் 18,000 ரூபாய்க்கும் இரவுப் படிக்கும் சேர்ந்துவிட்டான். கடையில் அவன் வாங்கியது 12,000. இதற்கு மேல் உப்புக்காற்று. ஏசியின் வெளிப்பெட்டிச் சுருள் இங்கே நான்கைந்து வருடத்தில் பொடிந்துவிடுகிறது, ஐம்பது கிலோமீட்டர் மேற்கே திருநெல்வேலியில் அதே சுருள் இரண்டு மடங்கு காலம் ஓடுகிறது என்பது அண்ணாச்சியின் அனுபவக் கணக்கு. துருவே இங்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

மற்ற ஊர்களை யோசித்துப் பார்த்தாலும் இப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் சில்லர் எனப்படும் தொழிற்சாலைக் குளிர்விப்பு இயந்திரங்களைப் பராமரிக்கத் தெரிந்தவருக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உண்டு. பால் அதிகம் கறக்கும் ஊர்களில், கறந்த பாலை நான்கு டிகிரிக்குக் குளிர்விக்கும் தொட்டி நின்றுபோனால் அன்றைய பால் முழுதும் போகும் என்பதால், மெக்கானிக்கை நள்ளிரவிலும் காரில் கூட்டிப்போவார்கள். ஊட்டியில் வீட்டு ஏசியை நம்பிக் கடை போட முடியாது. இவற்றில் எதுவும் ஊரின் மக்கள்தொகையை வைத்து வருவதில்லை.

தொழில் பழகும் காலத்தின் வருமானத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பில்லில் நாம் தேடும் பொறுமை அங்கேதான் வளர்கிறது அல்லது வளராமல் போகிறது. ஐ.டி.ஐ.யில் குளிர்பதனம் மற்றும் ஏசி பிரிவு பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருடம். அதை முடித்துத் தொழில்பழகுநராகப் பொதுத்துறையில் சேர்ந்தால், 2019 விதிகளின் கணக்கில் மாதம் 8,050 ரூபாய் என்றே பல அறிவிப்புகளில் வந்தது. வெளியூரில் அறை எடுத்துத் தங்க அது போதாது. ஆகவே வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் பெரிய ஆலை உள்ள பையன்கள் பழகுநராகிறார்கள், மற்றவர்கள் நேரே ஒரு மூத்த மெக்கானிக்கின் பைக்கின் பின்னால் ஏறிவிடுகிறார்கள். நைட்ரஜன் வைத்து ஓட்டை தேடுவதை முன்னவர் பார்த்திருப்பார். பின்னவர் பார்ப்பது அந்த மூத்தவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. பெரம்பூருக்கு ஏப்ரலில் வந்த இளைஞரிடம் தராசு இல்லாததற்கு அவரைப் பழக்கியவரிடமும் தராசு இல்லாதது காரணமாக இருக்கலாம்.

கடைசியாக வளைகுடா. பேச்சு எங்கே தொடங்கினாலும் தூத்துக்குடிக் கடையில் அங்கேதான் போய் நிற்கிறது. துபாயில் 1,800 திர்ஹாம் சம்பளமும் தங்க இடமும் என்று ஒரு வாய்ப்பு வந்தால், அது 2025 மதிப்பில் நம் பணத்தில் சுமார் 42,000 ரூபாய். மூத்த மெக்கானிக்கின் சம்பளத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு. மொட்டைமாடியில் நிற்கும் வெளிப்பெட்டிகள்தான் அங்கே பெரும்பாலான வேலை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகத்தில் தடை இருப்பதே அந்த வெயிலின் கடுமையைச் சொல்லும். "நான் பயலுவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கேன், துபாய்க்காரன் சம்பளம் கொடுக்கான்" என்றார் அண்ணாச்சி. சொல்லும்போது அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவரும் தோஹாவில் எட்டு வருடம் இருந்து, அந்தப் பணத்தில் இந்தக் கடையைப் போட்டவர்தான்.

இனி மதிப்பெண். சென்னை நிறுவனத்துக்கு ஐந்தில் இரண்டு. சொன்ன நேரத்தில் ஆள் வந்தது, பில் ஒழுங்காக இருந்தது, வந்த இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்பதற்காக அந்த இரண்டு. கசிவைத் தேடாமல் கேஸ் ஏற்றுவதையும், தேடி அடைப்பதையும் ஏறத்தாழ ஒரே கூலியில் வைத்து, முப்பது நாளில் கை கழுவும் முறையை அவர்கள் மாற்றும் வரை மூன்றாவதைக் கொடுக்க மனம் வரவில்லை. மொத்தத்தில் அந்த ஃபிரிட்ஜுக்கு நான் கொடுத்தது 7,139 ரூபாய். இப்போது நன்றாக ஓடுகிறது. திருநின்றவூர்ப் பெரியவருக்குத் தனியாக மதிப்பெண் போட முடிந்தால் நாலரை போடுவேன். மறுபடி அவரையே கேட்டுப் பெறும் வசதி செயலியில் இல்லை. இந்தச் சேவையை அழைக்கத்தான் வேண்டும் என்றால், ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், காலை முதல் அழைப்பாகப் பதிவு செய்து, வந்தவரிடம் கேஸ் ஏற்றுமுன் சோப்பு நுரைச் சோதனையும் வேக்கம் பம்ப்பும் உண்டா என்று கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கு இருநூறோ முந்நூறோ அவர் கையில் தனியாகத் தருவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. அந்தப் பணத்தில் நிறுவனத்துக்குக் கால் பங்கு போகாது.

தூத்துக்குடிக் கடைக்கு ஐந்தில் நான்கு. ஜிஎஸ்டி பில் இல்லாததற்கு அரை, ஒன்பது நாளுக்கு அரை குறைத்திருக்கிறேன். ஃப்ரீசர் மாற்றி இத்தனை மாதம் ஆகியும் அம்மா வீட்டுப் பெட்டியில் ஒரு புகாரும் இல்லை. கரண்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு மர அகப்பை இருக்கிறது, அதையும் ஃப்ரீசருக்குள் விடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம். சென்ற வாரம் அம்மா தொலைபேசியில், அந்த மூத்த மெக்கானிக் விசா வந்து தோஹாவுக்குப் போய்விட்டதாகவும், கடை வாசலில் 'ஆள் தேவை' என்று அட்டை தொங்குவதாகவும் சொன்னார். ஆகவே அங்கே பெட்டியைக் கொடுப்பவர்கள் ஒன்பது நாளுக்கு மேலேயே ஆகும் என்ற கணக்கோடு போவது நல்லது. தடைக்காலத்தில் என்றால் மீனை அன்றன்றைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.